மல்லிகைக்கும் ஓய்வு வேணும்ங்க

கார்த்திகைக் கடைசியில மல்லிகையைக் கவாத்து பண்ணிட்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் பதறிட்டா: "பச்சைச் செடியைப் போய் ஏன் சித்தப்பா வெட்டுறீங்க?"

மாடித் தோட்டக்காரங்க எல்லாரும் கேக்குற கேள்விதான். மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும். அதனாலதான் தண்ணியை நிறுத்திக் காயவிட்டு, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு மேலே வெட்டுறோம். அப்புறம் செடிக்கு 10 கிலோ தொழுவுரம், தண்ணி. மாசி, பங்குனியில் பூ வரும்.

நீங்க என்ன செய்றீங்க? பனியில் இலை பழுத்ததும் பயந்து, தண்ணியும் உரமுமா கொட்டுறீங்க. கத்தரியை மட்டும் தொடுறதில்லை. கொடி நீளுது, பூவைக் காணோம். உடனே நர்சரிக்காரரைத் திட்டுறீங்க. இதுக்குப் பேரு பாசமா?

தை முகூர்த்தத்தில் பூ விலை ஏறினா, "விவசாயி கொள்ளையடிக்கிறான்"னு பேச்சு வேற. வெட்டின தோட்டத்துல அப்போ விக்கறதுக்குப் பூவே கிடையாது. அந்த ஓய்வுக்குக் கூலி எங்க கைக்காசு. கோடையில் பூ குவிஞ்சு விலை சரியும்போது, பறிக்கிற கூலிக்காவது கட்டுதான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.

இந்த வருஷம் துணிஞ்சு வெட்டிப் பாருங்க. பங்குனியில் உங்க மாடியே பதில் சொல்லும்.