தொலைவில்லையும் தூரமும்

தொலைவில் நின்று காண்பதற்கென்றே ஆக்கப்பட்ட கருவி தொலைவில்லை. 600 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய வில்லை, அதே கமராவிற் பொருத்திய 50 மில்லிமீற்றர் வில்லையினும் பன்னிரு மடங்கு பெரிதாகப் பறவையைக் காட்டும். அத்தகைய கருவியைச் சுமந்தும் மன்னார் வங்காலைக் கடனீரேரிச் சேற்றில் இறங்கிப் பூநாரைகளை நெருங்குவோரை என்னென்பது? (வில்லையின் விலையைக் கூறிப் பெருமிதங்கொள்வோரும் இவர்களே.) இரை தேடும் பறவை இவர்களுக்குப் போதாது, செஞ்சிறகு விரிதல் வேண்டும். எனவே கூட்டம் முழுவதும் வெருட்டப்படுகின்றது. அயலில் மேயும் ஊசிவால் வாத்துகளும் உடனெழுகின்றன. வடபுலம் மீளும் நெடும்பயணத்திற்கென அவை உடலிற் சேர்க்கும் கொழுப்பு இவ்வாறு வீணே எரிகின்றது. 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் றாம்சார் ஈரநிலமான இடத்தின் நிலை இது!

ஒளிப்படம் பறவைகள்மீது பரிவை வளர்க்கின்றது என்பர். மெய்யே. ஆயின், வெருண்டோடும் பறவையின் படம் எப்பரிவை வளர்க்கும்? பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தையொன்றின் தாக்குதலால் ஒரு கண்ணை இழந்தார். ஆந்தைக்கு நகமிருந்தது. பூநாரைக்குப் பறப்பதன்றி வேறு மறுப்பில்லை. அம்மறுப்பையே படமாக்கிப் பரிசு கோருகின்றனர். போட்டி நடத்துவோர் முதலில் அத்தகைய படங்களை நிராகரிக்கட்டும்.