நீங்க கட்டும் 100 ரூபாய் பிரீமியம்... சிகிச்சைக்குப் போவது எவ்வளவு?

ஓ.டி.டி சந்தாவுக்கு ஆயிரம் யோசிக்கிற நாம, ஹெல்த் இன்ஷூரன்ஸுக்குக் கட்டுற பணம் எங்கே போகுதுன்னு யோசிக்கிறோமா?

2023-24 கணக்குப்படி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் மட்டுமே விற்கும் நிறுவனங்களில், 100 ரூபாய் பிரீமியத்தில் க்ளெய்முக்குப் போனது சுமார் 65 ரூபாய்தான். பொதுத்துறை நிறுவனங்களில் அது 100-ஐயே தாண்டியது. அங்கே கம்பெனிகளுக்கான குரூப் பாலிசிகள் அதிகம். மொத்தமா வாங்குறவங்க பேரம் பேசுவாங்க. தனியா வாங்குற நமக்கு அது முடியாது.

மீதிப் பணம்?

ஏஜென்ட் கமிஷன், விளம்பரம், சம்பளம், கால் சென்டர்... இதெல்லாம் போகத்தான் லாபம். இந்தச் செலவுகளுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ உச்சவரம்பு வெச்சிருக்கு: ஹெல்த் நிறுவனங்களுக்கு மொத்த பிரீமியத்தில் 35%, மற்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 30%.

அமெரிக்காவில் 2010 சட்டப்படி, தனிநபர் பாலிசியில் குறைந்தது 80% சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவாகணும். குறைந்தால் வாடிக்கையாளருக்குப் பணம் திரும்ப வரும். நம்ம ஊரில் அப்படி ரீஃபண்ட் இல்லை.

ஜி.எஸ்.டி போச்சே, லாபம்தானே?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18% வரி இல்லை. நல்ல விஷயம். ஆனா கமிஷன், வாடகைக்குக் கம்பெனி கட்டும் ஜி.எஸ்.டி-யை இனி கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமை அடிப்படை பிரீமியத்தில் வந்து உட்காரலாம். ரென்யூவல் நோட்டீஸில் போன வருட அடிப்படைத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

வாங்கும் முன்...

* '99% க்ளெய்ம் செட்டில்மென்ட்' விளம்பரம் எண்ணிக்கையைத்தான் சொல்லும். கேட்ட தொகை முழுசா கிடைச்சுதான்னு சொல்லாது. 'இன்கர்டு க்ளெய்ம் ரேஷியோ'வையும் பாருங்க. ரொம்பக் குறைவும் சந்தேகம். 100-ஐத் தாண்டினா நாளைக்கு பிரீமியம் ஏறும்.

* கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் பதில் வரணும் என்பது 2024 விதி. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலா வாங்கினா, அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் ஏற்கணும்.

* க்ளெய்மை மறுத்தா, முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீர்வு வரலைன்னா, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கு. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அந்த 35 ரூபாயில் புகாரைக் கேட்கிறவங்க சம்பளமும் சேர்ந்திருக்கு. கேட்கத் தயங்காதீங்க!