கபம் அகற்றும் கலை

மருத்துவம் என்றவுடன் மருந்துப் புட்டியையும் ஊசியையும் நினைப்பதே நம் வழக்கமாயிருக்கின்றது. விலை கொடுத்து வாங்காத சிகிச்சை சிகிச்சையன்று என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணத்தால் மார்பு நோயாளர் பெரிதும் நஷ்டமடைகின்றனர் என்பதே நம் கருத்து.

நலமுள்ள மூச்சுக்குழல்களின் உட்புறத்தே எண்ணிறந்த நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, தூசியும் கிருமியும் சிக்கிய கபத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. காசம் முதலிய நோய்களால் குழல்கள் சிதைந்து விரிந்துவிடின் இவ்வேலை தடைப்படும். கபம் தேங்கும், அதிற் கிருமிகள் பெருகும், அவற்றாற் குழல் மேலும் சிதையும். காசம் தீர்ந்த பின்னரும் நம் நாட்டிற் சிலர் ஆண்டுக்கணக்காக இருமி வருந்துவதற்கு இஃதொரு காரணமாம். கிருமியைக் கொல்ல மருந்துண்டு. தேங்கியதை வெளியேற்றுதலோ வேறொரு வேலை.

அவ்வேலைக்கும் வழி காணப்பட்டிருக்கின்றது. 1901-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் எவார்ட், நோயாளரைத் தக்கவாறு சாய்த்துக் கிடத்திக் கபத்தை வடியச் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். குவித்த கையால் மார்பைத் தட்டும் முறையும் வழக்கில் வந்தது. ஆயின் தட்டுவதற்குப் பிறர் கை வேண்டுமன்றோ? 1979-இல் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையைச் சார்ந்த பிரையர், வெப்பர் என்போர் மூச்சை விசையுடன் வெளிவிடும் முறையைச் சோதித்து எழுதினர். இதனை நோயாளர் தாமே செய்யலாம். முதலில் அமைதியாகச் சுவாசித்தல், பின் மூன்று நான்கு முறை ஆழ மூச்சிழுத்துச் சிறிது நிறுத்தி விடுதல், அதன்பின் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல, வாய் திறந்து 'ஹா' என்று விசையுடன் வெளிவிடுதல், மீண்டும் அமைதி. இவ்வாறு சில சுற்றுக்கள் செய்யின், கபம் குழலின் மேற்பகுதிக்கு வந்து எளிதில் வெளிப்படும்.

சிதைந்த குழல் இதனாற் சீர்ப்படுமோ என்று சிலர் வினவலாம். சீர்ப்படாது, அங்ஙனம் கூறுவது பொய்யாகும். எனினும் கபம் குறையின் இருமலும் இளைப்பும் தணியும். இரவில் உறக்கம் வரும். மூச்சுக்குழல் விரிவு நோயாளர்க்கு இப்பயிற்சியைக் கற்பித்தல் வேண்டுமென்று பிரிட்டிஷ் மார்பு மருத்துவ சங்கமும் 2019-இல் வற்புறுத்தியிருக்கின்றது. இரத்தம் கக்குவோர் மட்டும் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடங்கலாகாது.

இம்முறைக்குள்ள பெருங்குறை ஒன்றே: நாள்தோறும் சலியாது செய்தல் வேண்டும். பத்து நாளில் அலுத்துக் கைவிடுவோரைக் குறை கூறுதல் எளிது. அருகிருந்து பொறுமையுடன் கற்பிப்போர் எத்தனை பேர்? இருமுகிறவரைக் கண்டு முகஞ்சுளித்து விலகுவதும், கபத்துடன் வரும் இருமலை மருந்தால் அடக்க முயல்வதுமே நம் வீடுகளிற் காண்பவை.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இத்தகையோர் ஒருவர் இருத்தல் கூடும். அவரைப் பயிற்சி அறிந்தாரிடம் அழைத்துச் செல்லுங்கள். கற்றதை அவர் மறவாதிருக்க நாள்தோறும் கால் மணி நேரம் உடனிருங்கள். இதற்குப் பொருட்செலவு சிறிதே; வேண்டுவது நம் பொழுதும் பொறுமையுமாம்.