வோல்டேஜ் மாறினால் எல்லாம் டபுளா?

போன மாசம் அம்மா திருநெல்வேலியிலிருந்து காக்ஸ் டவுன் வந்திருந்தாள். கண்புரை ஆபரேஷன் ஆன கண். ராத்திரி பளிச்சென்று லைட் போட்டால் கூசுகிறது. "ஒரு டிம்மர் வாங்கி மாட்டுங்களேன்" என்றார் தங்கமணி. கேட்டேனா? அமெரிக்காவில் ஆணி பிடுங்கிய காலத்தில் நானே செய்த டிம்மர் பரணில் கிடந்தது. அது 120 வோல்ட், இது 230. வேரியபிள் ரெசிஸ்டரை மட்டும் 250 கிலோ ஓமிலிருந்து 500 ஆக்கி, குண்டு பல்போடு மாட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி அம்மா குரல்: "நாந்தான் அணைச்சிட்டேம்லா, பெறகும் எரியுது?" நாப் கடைசி வரை திரும்பியிருந்தது, பல்பு முழுசாக எரிந்தது. ஈரக்கையோடு அதைக் கழற்றப் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். ரெசிஸ்டரை மாற்றியது சரிதான். வோல்டேஜ் கூடினால் கெபாசிட்டர் சீக்கிரம் நிரம்பி, டயாக் சீக்கிரம் திறந்துவிடும், வெளிச்சம் குறையாது. அதனால் ரெசிஸ்டர் டபுள். டயாக் சுமார் 32 வோல்ட்டில் திறப்பது. அது இங்கேயும் அதேதான். அதே வாட் பல்புக்குக் கரண்ட் பாதியாகிறது.

நான் கோட்டைவிட்டது டிரையாக்கில். 230 என்பது ஆர்எம்எஸ் கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட். 120-க்கு உச்சி 170தான், அதனால் அங்கே 200 வோல்ட் டிரையாக் தாங்கியது. இங்கே செத்தது. டிரையாக் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது லைட் அணையாது, எரிந்துகொண்டே இருக்கும்.

என் கட்சி இதுதான்: வெளியூர் சர்க்யூட்டை இங்கே கொண்டுவந்தால், "வேலை செய்யுமா" என்பது இரண்டாவது கேள்வி. "கெட்டால் எப்படிக் கெடும்" என்பதுதான் முதல் கேள்வி. 600 வோல்ட் டிரையாக் போடுங்கள், பிடி136-600 மாதிரி. மெயின்ஸுக்குக் குறுக்கே வரும் கெபாசிட்டர் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி. ஒரு ஃபியூஸ். எல்லாவற்றுக்கும் மேல், ஃபேஸ் வயரில் தனியாக ஒரு சுவிட்ச். டிம்மர் நாப் சுவிட்ச் ஆகாது.

எஸ்.பி. ரோட்டில் இதெல்லாம் சில்லறைக் காசு. அந்தக் காசை மிச்சம் பிடிக்க நான் பணயம் வைத்தது அம்மாவின் கையை.

டிஸ்கி: எல்இடி பல்பு என்றால் அட்டையில் 'டிம்மபிள்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மினுக்கும். தங்கமணி கடையில் வாங்கிய டிம்மர் இப்போது ஜோராக வேலை செய்கிறது.