லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

நண்பர் ஒருவர் கார் வாங்கவிருக்கிறார். எட்டு லட்சத்திற்குள் வேண்டும். தினமும் அலுவலகம் சென்றுவரவும் குழந்தைகளைப் பள்ளியில் விடவும். கவிதையில் ஒரு சொல் மிகையானாலும் முகம் சுளிக்கும் எங்கள் நண்பர் குழு இந்தக் கேள்வியை ஒன்றரை மணிநேரம் விவாதித்தது. மைலேஜ், மறுவிற்பனை மதிப்பு, சர்வீஸ் செலவு ஆகிய மூன்றைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆகவே இக்கட்டுரை முதலில் எங்களுக்கு எதிரானது.

சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை. நம் நடுத்தர வர்க்கம் அதைப் பற்றாக்குறையிலிருந்து கற்றுக்கொண்டது. ஆனால் கார் என்று வந்ததும் அந்தச் சொல் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. அந்த எண்ணின் பெறுமானம்தான் என்ன? ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காருக்கு 500 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 22 தரும் காருக்கு ஏறத்தாழ 455. லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் ஆண்டுக்கு 4,500 ரூபாய், மாதத்திற்கு 375. இந்தத் தொகையை முன்னிறுத்தித்தான் மற்றெல்லாக் கேள்விகளையும் ஒதுக்கிவைக்கிறோம்.

ஒதுக்கிவைத்தது எதை என்பது 2014 ஜனவரியில் வெளிப்பட்டது. குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது: மாருதி ஆல்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. அனைத்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். முதல் மூன்று கார்களின் கூடு மோதலைத் தாங்கவில்லை. அவற்றில் ஏர்பேக் பொருத்தினாலும் பயனிராது என்றனர் சோதித்தவர்கள். போலோவின் கூடு நிலைத்து நின்றது; இரண்டு ஏர்பேக் பொருத்தப்பட்டதும் அதே கார் நான்கு நட்சத்திரம் பெற்றது.

கதவைத் தட்டி, 'தகடு நல்ல கனம்' என்று சான்றளிக்கும் நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் இதை அறிவது நல்லது. உயிரைக் காப்பது மேல்தகட்டின் கனமன்று. உள்ளிருக்கும் கூட்டின் உறுதி. ஏர்பேக் அதற்கு அடுத்ததே.

இதற்கெதிரான வாதங்கள் நாமறிந்தவையே. 'பாதுகாப்பை யாரும் கேட்பதில்லை, கேட்டால் விலை ஏறிவிடும்' என்பது முதலாவது. 2019இல் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமாயிற்று; 2021 முடிவதற்குள் முன்னிருக்கைப் பயணிக்கும் அந்த விதி வந்தது. சிறிய கார்கள் அதன் பின்பும் விற்கத்தான் செய்கின்றன. 2018இல் டாட்டா நெக்ஸானும் 2024இல் மாருதி டிசையரும் பெரியவர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. முடியாது என்பது உண்மையாக இருந்ததில்லை. நாம் கேளாதவரை அவசியமில்லாமல் இருந்தது, அவ்வளவே.

இரண்டாவது வாதத்தில் கனம் உண்டு: 'ஸ்கூட்டரில் நால்வர் மழையில் செல்வதைவிட எந்தக் காரும் மேல்.' வேறு வழியற்றவர் இதைச் சொன்னால் நாம் மறுக்கப்போவதில்லை. ஆனால் கார் வாங்கியவர் ஸ்கூட்டரின் வேகத்திலேயே நிற்பதில்லை, நெடுஞ்சாலைக்குப் போகிறார். வேகம் 40இலிருந்து 80 ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தவிரவும், சன்ரூஃபுக்கும் பெரிய தொடுதிரைக்கும் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர் இந்த வாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

'நான் நிதானமாக ஓட்டுபவன்' என்பது மூன்றாவது. எதிரே வருபவரின் நிதானத்திற்கு யார் பொறுப்பு? 2022இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் சென்றவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் பயணித்து இறந்தார். மூன்று முனை பெல்ட்டை 1959இல் உருவாக்கியவர் வோல்வோவின் நீல்ஸ் போலின். அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிறர் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அப்படிக் கிடைத்ததை நாம் இருக்கைக்கு அடியில் செருகிவைக்கிறோம்.

ஆகவே கேள்விகளின் வரிசையை மாற்றவேண்டும் என்பதே நம் வாதம். முதலில், இந்த மாடல் மோதல் சோதனைக்கு உட்பட்டதா? 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் நடைமுறையில் இருந்தாலும் அது நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. சோதனைக்கு வராத காரின் மௌனத்தையும் ஒரு பதிலாகவே கொள்ளவேண்டும். அடுத்து, எந்த ஆண்டின் சோதனை? குளோபல் என்கேப் விதிகள் 2022இல் கடுமையாக்கப்பட்டன. பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. குழந்தைகளுக்கான நட்சத்திரம் எத்தனை? அது தனிக் கணக்கு. பெரியவர்களுக்கு ஐந்து பெற்ற டிசையர் குழந்தைகளுக்கு நான்கே பெற்றது. நாம் வாங்கும் வகையில் எத்தனை ஏர்பேக், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. உண்டா? மைலேஜ் இவற்றுக்குப் பின் வரட்டும். பலவீனமான காரின் உயர்வகையைவிட உறுதியான காரின் அடிப்படை வகையே உண்மையான சிக்கனம்.

நண்பர் வரும் ஞாயிறு ஷோரூம் செல்கிறார். எங்களில் இருவர் உடன் போகிறோம். விற்பனையாளர் தொடுதிரையில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது, பின்னிருக்கையின் நடுவில் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று கேட்பதாக உத்தேசம்.