மலைச்சாலையின் விலையை யார் தருவது?

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். மேலைநாடுகளில் ஏறத்தாழ இதே காலம் இலையுதிர்காலம்; மோட்டார் சைக்கிள் குழுக்கள் அணிஅணியாகப் புறப்படும் பருவம். அந்த வழக்கம் நம் இளைஞர்களிடமும் வேரூன்றிவிட்டது. ஆனால், நமக்கு இது வடகிழக்குப் பருவமழைக் காலம். சாலை நனைந்திருக்கும், மலை மூடுபனிக்குள் இருக்கும், மண் சரிவதும் உண்டு.

இக்குழுக்களை ஈர்க்கும் இடங்களில் தேனி மாவட்டம் முதன்மையானது. கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் போடிநாயக்கனூரைத் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள் போடிமெட்டுக்கு ஏறுகின்றன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், கூடலூரிலிருந்து குமுளிக்கும் வேறு மலைச்சாலைகள் உள்ளன. வார இறுதிகளில் இச்சாலைகளில் ஒரே நேரத்தில் இருபது, முப்பது வண்டிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம்.

இந்தப் போக்கு இனி வளரவே செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கான சரக்கு-சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நடுத்தர வர்க்க இளைஞருக்கு இது நல்ல செய்தி. அதேவேளையில், 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

பொழுதுபோக்குக்காக வருவோருக்கு இச்சாலைகள் காட்சிப் பொருள். கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பாளிகளுக்கோ அவை வயிற்றுப்பாடு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள், நாள்தோறும் ஜீப்புகளில் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்புகின்றனர். ஒரு வளைவில் ஏற்படும் நெரிசலோ விபத்தோ அவர்களுக்கு அன்றைய கூலியை இழக்கச் செய்யும். சில வேளைகளில் உயிரையே பறிக்கும்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கானன் 1965-இல் மன்றங்கள் குறித்த கோட்பாடு ஒன்றை வெளியிட்டார். ஒரு நீச்சல் குளத்தைப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்ளும்போது, உறுப்பினர் கூடக்கூட ஒவ்வொருவரின் செலவும் குறையும், நெரிசலோ கூடும். நெரிசலால் விளையும் இழப்பு, செலவில் கிடைக்கும் மிச்சத்தை எட்டும் இடத்தில் மன்றம் தன் கதவை அடைத்துவிடும். அதாவது, அளவு மீறாமல் காக்கும் கடிவாளம் மன்றத்துக்குள்ளேயே இருக்கிறது.

மலைச்சாலையில் அந்தக் கடிவாளம் இல்லை. குளம் மன்றத்தின் உடைமை; சாலை ஊரின் உடைமை. முப்பது பேர் சேர்ந்து செல்லும் மகிழ்ச்சி முழுவதும் குழுவுக்கு. நெரிசலும் இரைச்சலும் இடரும் பெரும்பாலும் மற்றவர்களுக்கு. இழப்பு தன்னைச் சுடாதவரை எந்தக் குழுவும் தன் எண்ணிக்கையைத் தானாகக் குறைத்துக்கொள்ளாது. இது தனிமனிதர்களின் ஒழுக்கக்கேடு அன்று. அமைப்பில் உள்ள ஓட்டை.

இக்குழுக்களால் நன்மையே இல்லை என்பதும் சரியன்று. 2012-இல் சிட்னியில் தொடங்கிய ஆண்டுப் பயணம் ஒன்று, புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக்காகப் பல நாடுகளில் நிதி திரட்டி வருகிறது. பயணிகளால் உணவகங்களும் விடுதிகளும் பிழைக்கின்றன. ஆனால், மதுரையில் எரிபொருள் நிரப்பி மூணாறில் தங்கும் குழு, போடியில் விட்டுச் செல்வது ஒரு தேநீருக்கான பணம் மட்டுமே.

சட்டம் என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அரசின் அனுமதியின்றி நடத்தப்படும் பந்தயத்தைத் தண்டிக்கிறது. கூட்டுப் பயணம் பந்தயம் அன்று என்பதால் அது இங்கே பொருந்தாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. பின்னர் நாள்தோறும் அனுமதிக்கப்படும் வாகனங்களுக்கும் உச்சவரம்பு வந்தது. இரு மாநிலங்களின் தொழிலாளரும் வணிகரும் நம்பியிருக்கும் நெடுஞ்சாலைக்கு அத்தகைய உச்சவரம்பு ஒவ்வாது.

வழி, தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களில் இணையவழி முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டிகள் ஆகியவற்றுடன் மலையேற்றத் திட்டத்தை அரசே தொடங்கியது. தடை விதித்து ஒதுங்கிவிடாமல், நெறிப்படுத்தி ஊருக்கும் வருவாய் தேடும் அணுகுமுறை இது.

அதே அணுகுமுறை கூட்டுப் பயணத்துக்கும் வேண்டும். பத்து வண்டிகளுக்கு மேல் செல்லும் குழு, மாவட்டக் காவல்துறையிடம் இணையவழியில் முன்கூட்டியே பதிவு செய்யட்டும். தோட்டத் தொழிலாளர் ஏறும் காலைப் பொழுதையும் இறங்கும் மாலைப் பொழுதையும் தவிர்த்து நேரம் ஒதுக்கலாம். வண்டிக்கு ஒரு சிறு கட்டணம் பெற்று, மலையடிவார ஊராட்சிகளின் ஆம்புலன்ஸ், முதலுதவிச் செலவுக்கு அளிக்கலாம். கனமழை எச்சரிக்கை நாளில் பதிவு தானாக ரத்தாக வேண்டும். தொழிலாளரை அளவுக்கு மீறி ஏற்றும் ஜீப்புகளையும் இதே கண்டிப்புடன் கண்காணிக்க வேண்டும். விதி ஒரு தரப்புக்கு மட்டுமானால் அது நீதியாகாது.

தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015-இல் ஒப்புதல் அளித்தபோது, அவ்வூர் மக்கள் எழுப்பிய வினாக்களில் ஒன்று எளிமையானது: பயன் யாருக்கு, இடர் யாருக்கு? அறிவியலாளர்கள் அதற்கு விடை கூற முயன்றார்கள். அந்த விவாதம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. பல்லாயிரம் டன் எடையுள்ள ஆய்வுக்கருவிக்குக் கேட்கப்பட்ட வினாவை, வார இறுதியில் மலையேறும் முப்பது மோட்டார் சைக்கிள்களுக்கும் கேட்பதில் தவறில்லை. விடையாக ஒரு முன்பதிவும் ஒரு சிறு கட்டணமும் போதும் எனும்போது, அடுத்த விபத்துவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.