பத்தியச் சீட்டையும் கொண்டு வாருங்கள்

முதியோர் இல்லம் ஒன்றில் வசிக்கும் 78 வயது அம்மையார் ஒருவர் அண்மையில் என் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். ஓராண்டில் அவரது எடை 52 கிலோவிலிருந்து 44 கிலோவாகக் குறைந்திருந்தது. இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் காரணம் எதுவும் தென்படவில்லை. "என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "உப்பில்லாத இட்லி, உப்பில்லாத சாம்பார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, டாக்டர்" என்றார். உடன் வந்த பணிப்பெண் கோப்பைத் திறந்து காட்டினார். "உப்பில்லா உணவு" என்று அதில் எழுதியிருந்தது என் கையெழுத்துதான்.

இதயச் செயலிழப்பால் கால்கள் வீங்கி அவர் அனுமதிக்கப்பட்டிருந்தபோது நான் எழுதியது அது. பின்னர் மறுபரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் மாத்திரைகளைத் திருத்தினேன். அந்த ஒரு வரியைத் திருத்தவில்லை. இல்லத்தார் மீது குறை சொல்ல இயலாது. மருத்துவர் எழுதியதை அவர்கள் வழுவாமல் பின்பற்றினர்.

பத்தியமும் ஒரு மருந்தே என்பது என் கருத்து. மருந்துக்கு அளவும் கால வரையறையும் இருப்பதுபோல் பத்தியத்திற்கும் இருக்க வேண்டும். முதுமையில் ஆறு மாதங்களில் உடல் எடையில் பத்து விழுக்காடு குறைவது தசையிழப்புக்கும், கீழே விழுவதற்கும், ஆறாத படுக்கைப் புண்களுக்கும் வழிவகுக்கும். முதியோரின் உணவைக் குறைத்துவிடக்கூடிய கட்டுப்பாடுகளைத் தவிர்க்குமாறு ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமும் 2019இல் வெளியான தன் வழிகாட்டுதலில் கூறியுள்ளது.

இதனால் எல்லாக் கட்டுப்பாடுகளையும் கைவிடலாம் என்று பொருளன்று. பக்கவாதத்திற்குப் பின் விழுங்க இயலாதவருக்கு, பாசத்தால் ஊட்டும் ஒரு முறுக்குத் துண்டு மூச்சுக்குழலில் சிக்கலாம். பொட்டாசியம் மிகுந்த சிறுநீரக நோயாளிக்கு இளநீர் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வாமையிலும் சலுகைக்கு இடமில்லை. அதேவேளை, இன்சுலின் செலுத்திய பின் பிடிக்காத உணவை ஒதுக்கிவிட்டுப் படுத்துவிடும் முதியவருக்கும் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். அவருடைய விருப்பத்தை அறிந்து சமைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

ஆகவே, உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு திரும்பும் நாளில் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் கட்டுப்பாடு எதற்காக? எவ்வளவு காலத்திற்கு? அவர் சாப்பிட மறுத்தால் மாற்று என்ன? விடையை எழுதி வாங்கி இல்லத்தில் கொடுங்கள். அதே தாளில் அவர் விரும்பி உண்பவை, உண்ணாதவை, விரத நாட்கள் ஆகியவற்றையும் குறித்துக் கொடுங்கள். மாதந்தோறும் எடையைக் கேட்டறியுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்; கேட்டிருந்தால் நானும் அந்த வரியை முன்னரே கண்டிருப்பேன்.

அந்த அம்மையாருக்கு "குறைந்த உப்பு" என்று மாற்றி எழுதினேன். எங்கள் உணவியல் நிபுணர் நாளொன்றுக்கான உப்பை அளந்து கொடுக்கச் சொன்னார். அந்த அளவுக்குள்ளேயே, அவர் ஆசைப்பட்ட நார்த்தங்காயில் ஒரு சிறு துண்டு வாரம் இருமுறை கஞ்சியுடன் சேர்ந்தது. காலைதோறும் எடை பார்க்கிறார்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் எங்களை அழைக்க வேண்டும். ஆறு வாரங்களுக்குப் பின் வந்தபோது எடை 46 கிலோ, கால்களில் வீக்கமில்லை.

அடுத்த முறை வரும்போது மாத்திரைப் பையுடன் பத்தியச் சீட்டையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.